நகையை அடகு வைக்காமல் டேட்டா படிக்கலாம்!

‘பையன் பி.எஸ்சி முடிச்சிட்டு வீட்டுல இருக்கான். டேட்டா சயின்ஸ் படிச்சா ஐ.டி-யில வேலை நிச்சயம்னு சொல்றாங்க. ஃபீஸைக் கேட்டாத்தான் தலை சுத்துது. கட்டலாமா, வேண்டாமா?’

கிராமத்து வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. நெல் விற்ற பணமோ, கறவை மாடு விற்ற பணமோ, அம்மாவின் சங்கிலியோ அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. பதில் சுருக்கமானது. இந்தத் தொழிலின் அடிப்படையைக் கற்க அவ்வளவு பணம் தேவையில்லை. தேவைப்படுபவை ஒரு பழைய மடிக்கணினி, இணைய வசதி, ஓராண்டுக்காவது விடாத உழைப்பு, கூடவே படிக்க நாலு பேர். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

டேட்டா வேலை என்றதும் மிரள வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை செய்த வேலையின் பேரன்தான் இது. தகவலைச் சேகரிப்பது, அதில் உள்ள பிழையைக் களைவது, அதனிடம் ஒரு கேள்வி கேட்பது, கிடைத்த விடையை மற்றவருக்குப் புரியும்படி சொல்வது. பேரேட்டுக்குப் பதில் எக்ஸெல், எஸ்.க்யூ.எல், பைத்தான் என்று கருவிகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

பால் அட்டையே பாடப்புத்தகம்

பயிற்சி மையங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடை விற்பனையையோ, கப்பல் பயணிகள் பட்டியலையோ கொடுத்துப் பழகச் சொல்வார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது எதற்கு? கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீட்டில் பால் அட்டை இருக்கிறது. தேதி, காலை, மாலை, லிட்டர், கொழுப்பு, இதர சத்து, தொகை என்று அதில் கட்டங்கள் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வரி என்றால், ஆண்டுக்கு 730 வரி. முதல் மூன்று மாதம் எக்ஸெல் பழக இது போதும். கணினியில் எக்ஸெல் இல்லையென்றால், கட்டணமே இல்லாத லிப்ரே ஆபீஸ் கால்க் அதே வேலையைச் செய்யும்.

இந்த 730 வரியை ஏற்றிய பிறகுதான் சுவாரசியம் தொடங்கும். எந்த மாதத்தில் கொழுப்பு இறங்கியது? பசுந்தீவனம் இல்லாத கோடையிலா, கன்று ஈன்ற புதிதிலா? காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் வித்தியாசம் எவ்வளவு? ஃபில்டர், சராசரி, பிவட் டேபிள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போதே கைக்கு வந்துவிடும்.

அடுத்து, ‘இரண்டு மாட்டில் எது தீவனச் செலவுக்குக் கட்டுப்படியாகிறது?’ என்று அப்பா கேட்பார். இங்கேதான் மாட்டிக்கொள்ள நேரும். இரண்டு மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றித்தான் சங்கத்துக்குக் கொண்டு போயிருப்பார்கள். அட்டையில் தனித்தனிக் கணக்கு இருக்காது. குறித்து வைக்காத தகவலை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. இந்தப் பாடத்தைச் சொந்த மாட்டிடம் படித்தவர், நாளை ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்தாலும் ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்றுதான் முதலில் கேட்பார்.

மா, குழி தெரிந்தவருக்கே மவுசு

டேட்டா வேலையில் பெரும்பொழுது போவது பிழை நீக்குவதில்தான். ‘ராமநாதபுரம்’ என்று ஒருவரும் ‘இராமநாதபுரம்’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தால், கணினிக்கு அவை இரண்டு ஊர். பரப்பளவில் குழப்பம் இன்னும் அதிகம். ஒருவர் ஏக்கரில் சொல்வார், இன்னொருவர் ஹெக்டேரில். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். டெல்டாவில் ‘மா’ என்பார்கள், 3 மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். 100 குழி ஒரு மா. ஆனால், குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். நெல் மூட்டையும் அப்படித்தான். அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். தனியார் வியாபாரியிடம் 75 கிலோ மூட்டை என்று பேச்சு நடக்கும்.

‘10 மூட்டை’ என்று ஒரு பட்டியலில் இருந்தால், அது 400 கிலோவா, 750 கிலோவா? நகரத்தில் வளர்ந்த பட்டதாரிக்கு இந்தச் சந்தேகமே வராது. நேராகக் கூட்டிப் போட்டுவிடுவார். களத்துமேட்டில் சாக்குப் பிடித்தவருக்குச் சட்டென்று உறுத்தும். இப்போது சூத்திரத்தையும் நிரலையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளே நொடியில் எழுதித் தருகின்றன. ‘இந்த மூட்டை எந்த மூட்டை?’ என்ற கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் தங்களிடம் இருப்பதாகவே நினைக்காத முதலீடு இது.

சந்தை விலை சொல்லும் பாடம்

வீட்டுக் கணக்கு பழகிய பிறகு, வெளியே இலவசமாகக் கிடைக்கும் தகவலுக்குப் போகலாம். மத்திய அரசின் ‘அக்மார்க்நெட்’ இணையதளத்தில் நாடு முழுக்க உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் விலை நிலவரம் கிடைக்கிறது. ஒவ்வொரு விளைபொருளுக்கும் குவிண்டாலுக்கு மூன்று விலை போட்டிருப்பார்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம், மூன்றாவதாக ‘மோடல்’ விலை. அன்றைக்குப் பெரும்பாலான சரக்கு எந்த விலைக்குப் போனதோ, அதுதான் மோடல் விலை.

வியாபாரியோ, பக்கத்து வீட்டுக்காரரோ சொல்வது பெரும்பாலும் அதிகபட்ச விலையைத்தான். ‘மஞ்சள் அந்த விலைக்குப் போச்சாமே’ என்று கேள்விப்பட்டு, வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுபோய் ஏமாந்து திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த விலை ஒரே ஒருவரின் பத்து மூட்டை முதல்தரச் சரக்குக்குக் கிடைத்ததாக இருக்கலாம். உங்கள் பகுதியில் விளையும் ஒரு பயிரை எடுத்து, ஐந்தாண்டு மோடல் விலையை மாதவாரியாக வரைபடமாக்கிப் பாருங்கள். வேலை கேட்டுப் போகும் இடத்தில் சான்றிதழைவிட அந்த ஒரு படம் அதிகம் பேசும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிடும் விலை முன்னறிவிப்போடு அதை ஒப்பிட்டும் பார்க்கலாம்.

எங்கே படிப்பது?

ஆங்கிலம் தடை என்று ஒதுங்குபவர்கள், மும்பை ஐ.ஐ.டி-யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களிலிருந்து தொடங்கலாம். சிறு சிறு காணொலிகள், தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன, கட்டணம் கிடையாது. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் ‘கணியம்’ தளத்தில், து.நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ போன்ற மின்னூல்கள் இலவசமாகவே உள்ளன. ஓரளவு ஆங்கிலம் பிடிபட்ட பிறகு, ஐ.ஐ.டி-க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல் வகுப்புகள். அவற்றைப் பார்க்கப் பணம் வேண்டாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டும் கட்டணம்.

பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இளநிலைப் படிப்பு இருக்கிறது. இதற்கு ஜே.இ.இ தேவையில்லை. பிளஸ் டூ முடித்தவர்கள் நான்கு வார இணையப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடம் இணையத்தில், தேர்வு நேரில். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்து 75 சதவிகிதம் வரை கட்டணச் சலுகை உண்டு. பாதியில் நிறுத்தினாலும், முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ, டிப்ளமோவோ பெற்று வெளியேறலாம். கணிதமும் புள்ளியியலும் கடுமையாகவே இருக்கும். சும்மா சேர்ந்து வைக்கும் படிப்பல்ல.

தனி மரமாக வேண்டாம்

இவ்வளவும் இலவசமாகக் கிடைத்தும், தொடங்குபவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அறிவுக்குறைவு அல்ல. ராத்திரி பத்து மணிக்குத் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வரும். கேட்க ஆள் இருக்காது. இரண்டு நாள் முட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் வயலில் வேலை வந்துவிடும். அதோடு முடிந்தது.

விழுப்புரத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்குள்ள குனு லினக்ஸ் பயனர் குழு, 2013-லிருந்து கட்டற்ற மென்பொருளைப் பரப்பி வருவதோடு, சுற்றுவட்டாரக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கணினிப் பயிற்சியும் கொடுக்கிறது. பெருநகரத்துக்குப் போகாமல், மாவட்டத் தலைநகரிலேயே தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு.

உங்கள் ஊரில் அப்படியொரு குழு இல்லையென்றால், நாலு பேர் சேர்ந்தால் போதும். வாரம் ஒரு நாள், ஊராட்சி நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ இரண்டு மணி நேரம். அந்த வாரம் செய்ததை ஒருவர் காட்ட வேண்டும், மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில்கூட, உள்ளூர்க் கூட்டத்துக்கு அனுப்ப மறுப்பு குறைவு. ஒன்று மட்டும் கவனம்: பழகுவதற்கு என்று அடுத்தவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரங்களை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்திருக்கிறது.

வேலை எங்கே?

முதல் வேலை பக்கத்திலேயே இருக்கலாம். 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-ல் கொண்டு வந்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள், மலைப்பகுதியில் 100 பேர். நிறுவனம் ஒன்றுக்கு மூன்றாண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி. மேலாளர், கணக்காளர் சம்பளமும் அதில் அடக்கம்.

300 உறுப்பினர்களின் பங்குத்தொகை, கடனில் வாங்கிய இடுபொருள், கொண்டுவந்து போட்ட சரக்கு என எல்லாவற்றையும் நோட்டில் எழுதிச் சமாளிப்பது எளிதல்ல. ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் மூன்று வாரம் தள்ளிப்போனால், அடுத்த போகத்துக்கு அவர் பழைய வியாபாரியிடமே போய்விடுவார். உறுப்பினர் வாரியாகப் பாக்கியையும் வரவையும் ஒரே பக்கத்தில் காட்டத் தெரிந்த ஒருவர் அங்கே பெரிய பலம். ஆனால், சம்பளம் பேசும்போது அரசு உதவி எந்த ஆண்டோடு முடிகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நிறுவனம் சொந்த வருமானத்தில்தான் சம்பளம் தர முடியும். ஒரே நிறுவனத்தை நம்பாமல், இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு மாதம் சில நாள் வீதம் வேலை செய்வது நல்லது.

வெளியே போக விரும்புபவர்களுக்கும் வழி உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-லிருந்து இயங்குகிறது. கல்லூரிப் பட்டம் கேட்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை அந்த நிறுவனம் 2005-லேயே தொடங்கிவிட்டது. இடம் குறைவு, போட்டி அதிகம்.

பணம் கட்டும் முன்பு...

இதையெல்லாம் தாண்டியும் ஒரு மையத்தில் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்றால், சில கேள்விகளைக் கேளுங்கள். சென்ற ஆண்டு படித்த ஐந்து பேரிடம் பேச முடியுமா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? கட்டணத்துக்கு அவர்களே கடன் ஏற்பாடு செய்கிறார்களா? அப்படியென்றால் கவனம். வகுப்பு நின்றுபோனாலும் கடன் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘100 சதவிகிதம் வேலை உத்தரவாதம்’ என்ற வரியை எழுத்தில், கையெழுத்தோடு கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறிவிடும்.

‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் முப்பதாயிரம்’ என்று போனில் வரும் அழைப்பு இதைவிட ஆபத்தானது. முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அல்லது இணையத்திலேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதில் பிழை இருக்கிறது என்பார்கள். பிறகு, ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் வழக்கு’ என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். பயந்து பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் பதிவாகிறதோ, பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.