ஆட்டின் விலையும் ஆரியபட்டரும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளியைப் போட்டுவிட்டு வந்த குடியானவர் ஒருவர், கமிஷன் மண்டிச் சிட்டையை வழியிலே தொலைத்துவிட்டார் என்றும், கைக்கு வந்த 4,180 ரூபாயும், நூற்றுக்குப் பத்து வீதம் கமிஷன் போய் அதன்மேல் இறக்குக்கூலி 140 ரூபாயும் போயிற்று என்பதும் மட்டுமே அவருக்கு நினைவிருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கு என்ன விலைக்குப் போயிற்று?

ஊகித்துப் பார்ப்பது ஓர் உபாயம். விலை 1,000 என்று கொண்டால் பிடித்தம் போக மிஞ்சுவது 760. கைக்கு வந்ததோ அதைப் போல ஐந்தரை மடங்கு. ஆகவே விலையும் 5,500 என்று அவர் தீர்மானிக்கக்கூடும். பாஸ்கராசாரியர் 1150-இல் இயற்றிய லீலாவதியில் இஷ்டகர்மம் என்னும் பெயரால் போதிக்கப்படுவதும், அவருக்கு நெடுங்காலம் முன்பே எகிப்தியர் கையாண்டதும் இந்த வழிதான். ஆயினும் 5,500-இல் கமிஷன் 550-ஐயும் கூலி 140-ஐயும் கழித்தால் வருவது 4,810. நம் குடியானவர் 630 ரூபாய் பறிபோனதாக எண்ணி, ஒரு பாவமும் அறியாத மண்டிக்காரரோடு மல்லுக்கு நிற்பார்! விலையோடு சேர்ந்து கமிஷன் ஏறி இறங்கும், கூலியோ நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதை அவர் கவனியாததே பிசகு. கூலியை முதலில் திரும்பச் சேர்த்து 4,320 ஆக்கிக்கொண்டால், அது விலையின் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு, ஒரு பங்கு 480, விலை 4,800. கடைசியில் போனதை முதலில் மீட்டு, வந்த வழியே பின்னோக்கி நடந்தால் போதும். எழுத்தும் சமன்பாடும் இதற்கு அவசியமே இல்லை.

பின்னோக்கி நடக்க வழியே இல்லாத கணக்குகள் வரும்போதுதான் பீஜகணிதத்தின் அருமை விளங்கும். பொருளில் சமமான இருவரிடம் விலை தெரியாத உருப்படிகளும் ரொக்கமும் வெவ்வேறு அளவில் இருக்குமானால், ரொக்கத்தின் வித்தியாசத்தை உருப்படிகளின் வித்தியாசத்தால் வகுக்க ஓர் உருப்படியின் விலை கிடைக்கும் என்று, 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் ஒரே சுலோகத்தில் ஆரியபட்டர் சொல்லி முடித்துவிடுகிறார். பாஸ்கரர் தம் பீஜகணித நூலில் இத்தகைய கணக்கைக் குதிரைகளைக் கொண்டு அமைத்து, ஒருவனைக் கடனாளியாகவும் ஆக்கினார். திண்டுக்கல் சீமையில் குதிரைக்கு எங்கே போவது? வியாழக்கிழமை கூடும் அய்யலூர்ச் சந்தையின் ஆடுகளே நமக்குப் போதும்.

ஒரு வியாபாரியிடம் ஏழு ஆடுகளும் 6,000 ரூபாயும் இருக்கின்றன; மற்றவரிடம் அதே விலை மதிப்புள்ள ஒன்பது ஆடுகளும் 8,000 ரூபாய் கடனும் இருக்கின்றன; இருவரும் சம ஆஸ்திக்காரர்கள். ஆட்டின் விலை இரு பக்கத்திலும் மறைந்து நிற்பதால் எந்த முனையிலிருந்தும் அவிழ்க்க இயலாது. ஆகையால், தெரியாத அவ்விலையை 'வி' என்று பெயரிட்டு, தெரிந்த தொகையைப் போலவே கூட்டவும் கழிக்கவும் துணிகிறோம்: 7வி + 6,000 = 9வி − 8,000.

இவ்விடத்தில் நம் பள்ளிக்கூடங்கள், எதிர்ப்பக்கம் போனால் குறி மாறும் என்று மந்திரம்போல் ஓதுவித்து, பிள்ளைகளுக்குக் காரணத்தை மறைத்துவிடுகின்றன. உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. இருவருக்கும் 8,000 ரூபாய் தானமாகக் கொடுங்கள். இவருடைய கடன் தீரும், அவருடைய ரொக்கம் 14,000 ஆகும், சமத்துவம் கெடாது. (கடனையும் தனத்தையும் கூட்டிக் கழிக்கும் விதிகளை 628-லேயே பிரம்மகுப்தர் வகுத்துவிட்டார்.) பிறகு இருவரிடமிருந்தும் ஏழேழு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஒருவரிடம் 14,000 ரூபாயும் மற்றவரிடம் இரண்டே ஆடுகளும் எஞ்சி நிற்க, ஆடு ஒன்று 7,000 ரூபாய் என்பது தானே வெளிப்படும்.

விடையைச் சோதிக்க ஆசிரியர் தயவு வேண்டியதில்லை: ஏழு ஆட்டுக்கு 49,000-மும் ரொக்கம் 6,000-மும் சேர்ந்தால் 55,000, ஒன்பது ஆட்டுக்கு 63,000, அதில் கடன் 8,000 போனாலும் அதே 55,000.