திரும்பாத விமானங்கள் – 9: இரண்டு அங்குலம்

தையற்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்து, சுவரில் 22 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அவ்வளவு அகலமுள்ள ஓட்டைக்குள் சட்டை வேட்டியோடு நுழைந்துவிடலாம். இப்போது அந்த உடம்பின்மேல் கனத்த கம்பளி உடுப்பு, முழங்கால்வரை பூட்ஸ், கடலில் விழுந்தால் மிதப்பதற்கான அங்கி, மார்பில் பாராசூட் மூட்டை எல்லாவற்றையும் ஏற்றுங்கள். சுற்றிலும் கும்மிருட்டு. இறக்கையில் தீ. விமானம் சுழன்றபடி தரையை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலிருந்து உயிரோடு குதிக்க நினைத்தவர்களுக்கு, மூக்குப் பகுதியின் தரையில் வைக்கப்பட்டிருந்த வழி அந்த 22 அங்குலம்தான்.

1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபுர்ட் நகரைப் பட்டப்பகலில் தாக்கப்போன அமெரிக்க பி-17 விமானங்களில் 60 திரும்பாமல் போனதைக் கடந்த வாரம் பார்த்தோம். இந்த வாரம் இரவில் பறந்தவர்களின் கதை. அமெரிக்கர்கள் பகலிலும் பிரிட்டிஷார் இரவிலும் ஜெர்மனியைத் தாக்குவது என்பது அன்றைய ஏற்பாடு. இருட்டு காப்பாற்றும் என்று பிரிட்டிஷ் தளபதிகள் நம்பினார்கள்.

ஏழு பேர், ஒரு குடும்பம்

லங்காஸ்டரில் ஏழு பேர் போவார்கள். விமானி, இன்ஜின்களைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டுகளைக் குறிபார்த்து விடுவிப்பவர், ரேடியோ ஆபரேட்டர், முதுகுக் கூண்டில் ஒரு கன்னர், வால் கூண்டில் இன்னொரு கன்னர். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்று பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே விமானத்தில் இருப்பார்கள். எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள்.

இந்தக் குழு அமைந்த விதம் வியப்பானது. பயிற்சி முடித்தவர்களை ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, நீங்களே உங்களுக்குள் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வார்கள். எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும் ராணுவம், யாரோடு சேர்ந்து சாவது என்பதை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டிருந்தது. அன்று சேர்ந்த குழு அதன்பின் ஒன்றாகவே சாப்பிடும், ஒன்றாகவே விடுப்பில் போகும், பெரும்பாலும் ஒன்றாகவே முடியும்.

வால் கன்னரின் நிலை எல்லோரையும் விடக் கொடியது. கடுங்குளிரில், மற்ற ஆறு பேரிடமிருந்தும் பிரிந்து, ஏழெட்டு மணி நேரம் தனியே பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். இருட்டில் எதிரி விமானம் தெளிவாகத் தெரியட்டும் என்று கூண்டின் கண்ணாடியையே அகற்றிவிட்டுப் பறந்தவர்களும் உண்டு. கூண்டுக்குள் இடம் இல்லாததால் அவருடைய பாராசூட் கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும். விமானம் எரியும்போது கதவைத் திறந்து அதை எட்டி எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் அவர் குதிக்க முடியும்.

முப்பது பயணங்களின் கணக்கு

ஒரு சுற்று என்பது முப்பது தாக்குதல்கள். அதை முடித்தவருக்குச் சில மாதங்கள் ஓய்வு. முப்பது என்பது கேட்கச் சிறிய எண். ஒவ்வொரு தாக்குதலிலும் நூற்றுக்கு நான்கு விமானங்கள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் நான்குதானே என்று தோன்றும். முதல் இரவில் 96 மிஞ்சும், மறு இரவில் 92. இப்படியே ஒவ்வொரு இரவும் மிஞ்சியதில் நூற்றுக்கு நான்கைக் கழித்துக்கொண்டு போனால் முப்பதாவது இரவின் முடிவில் மிஞ்சுவது 29. இழப்பு ஐந்து சதவீதமானால் மிஞ்சுவது 21.

போர் முடிந்தபின் தெரிந்த உண்மைக் கணக்கும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. சிறைபிடிக்கப்பட்டவர்கள் 9,838. கட்டப்பட்ட 7,377 லங்காஸ்டர்களில் 3,200-க்கும் மேற்பட்டவை தாக்குதல்களில் தொலைந்தன.

ஒரு குழு திரும்பவில்லை என்றால், மறுநாளே அதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள் வந்து ஏழு கட்டில்களையும் ஒழித்துவிடுவார்கள். உடைமைகளைப் பட்டியலிட்டு, குடும்பத்தார் மனம் நோகும்படியான கடிதம் ஏதேனும் இருந்தால் அதை விலக்கி, மீதியைக் கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். சாயங்காலத்துக்குள் புதியவர்கள் அந்தக் கட்டில்களில் படுத்திருப்பார்கள். அவர்களில் பலரின் முகம்கூடப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் பழகியிருக்காது, அதற்குள் அவர்களும் போயிருப்பார்கள்.

நூரெம்பர்க், 1944 மார்ச் 30

அந்த இரவு நிலா இருந்தது. நிலவொளியுள்ள நாட்களில் ஜெர்மனிக்குள் ஆழமாகப் போவதைத் தளபதிகள் வழக்கமாகத் தவிர்ப்பார்கள். அன்று, போகும் வழியில் உயரமான மேகம் இருக்கும், அது நிலவை மறைக்கும் என்ற முன்னறிவிப்பை நம்பித் திட்டம் போட்டார்கள். பிற்பகலில் வானிலை பார்க்கப்போன மொஸ்கிட்டோ விமானம் வேறு செய்தி கொண்டுவந்தது. வழியில் மறைக்க மேகம் இருக்காது. இலக்கின் மேலேதான் மேகம் இருக்கலாம். அதாவது, ஒளிய வேண்டிய இடத்தில் வெளிச்சம், குறிபார்க்க வேண்டிய இடத்தில் மறைப்பு. தாக்குதலைக் கைவிட அது ஒன்றே போதுமான காரணம். கைவிடவில்லை.

572 லங்காஸ்டர், 214 ஹாலிஃபாக்ஸ், 9 மொஸ்கிட்டோ என 795 விமானங்கள் கிளம்பின. பெல்ஜியத்தைக் கடந்தபின் ஏறத்தாழ 265 மைல் வளையாமல் ஒரே நேர்கோட்டில் பறக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் ஜெர்மன் இரவுப் போர்விமானங்கள் கூடிக் காத்திருக்கும் வானொலி அடையாள மையங்கள் இரண்டு இருந்தன. வழக்கமாக மிக உயரத்தில் மட்டுமே உண்டாகும் வெண்புகைக் கோடுகள் அன்று தாழ்ந்த உயரத்திலேயே ஒவ்வொரு விமானத்தின் பின்னாலும் நீண்டன. நிலவொளியில் அவை பாதை போட்டுக் காட்டின. வேட்டையாட வந்தவர்கள் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இலக்கை அடையும் வழியிலும் இலக்கின் அருகிலுமாக 82 விமானங்கள் விழுந்தன. மொத்தம் 95 திரும்பவில்லை. பன்னிரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கிலாந்தை எட்டிய பிறகு மோதி நொறுங்கியவை இதில் சேராது. 545 பேர் இறந்தார்கள். 1940-இல் பிரிட்டன் வான்போர் நடந்த அத்தனை மாதங்களிலும் அந்நாட்டின் போர்விமானப் பிரிவு இழந்த உயிர்களின் அளவு அது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்கு இரண்டாம் உலகப்போரின் மிக மோசமான இரவு அதுவே. பலன்? நூரெம்பர்க்குக்கு அதிகச் சேதமில்லை. காற்று திசைமாற்றியதில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் தம் குண்டுகளை ஷ்வைன்ஃபுர்ட் பக்கம் போட்டுவிட்டு வந்தன.

அந்த இரவில் சிரில் பார்ட்டன் என்ற 22 வயது விமானி ஒரு ஹாலிஃபாக்ஸை ஓட்டிப் போனார். இலக்கை நெருங்கும் முன்பே போர்விமானங்கள் தாக்கின. ஓர் இன்ஜின் போயிற்று. விமானத்துக்குள் பேசும் இண்டர்காம் செத்தது. விளக்குச் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு நேவிகேட்டர், குண்டு விடுவிப்பவர், ரேடியோ ஆபரேட்டர் மூவரும் குதித்துவிட்டார்கள். வழிசொல்ல ஆளின்றி பார்ட்டன் மேலே சென்று, தானே குண்டுகளை விடுவித்து, நட்சத்திரத்தையும் திசைகாட்டியையும் துணைக்கொண்டு நான்கரை மணி நேரம் திரும்பிப் பறந்தார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையைத் தொட்டபோது எரிபொருள் தீர்ந்தது. கீழே ரைஹோப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். வீடுகளின் மேல் விழாமல் திருப்ப முயன்று மோதினார். பின்னால் இருந்த மூவர் பிழைத்தார்கள். பார்ட்டன் இறந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரும் இறந்தார். பார்ட்டனுக்கு விக்டோரியா கிராஸ் விருது பெற்றோர் கையில் போய்ச் சேர்ந்தது.

பத்தொன்பது வயதுக் கணக்கர்

குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்துக்கு 1943-இல் கணிதம் படித்த 19 வயது இளைஞர் ஒருவர் வேலைக்கு வந்தார். பின்னாளில் இயற்பியலில் உலகப் புகழ் பெற்ற ஃப்ரீமன் டைசன். இழப்புகளை ஆராய்வது அவர் வேலை. அங்கே தாம் கண்டதைப் பல ஆண்டுகள் கழித்து, ஆறாத மனத்தோடு எழுதினார்.

அனுபவம் கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்று குழுக்களுக்குச் சொல்லிவந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் பையன்கள் விமானம் ஏறினார்கள். டைசன் கணக்கிட்டுப் பார்த்தபோது அது பொய்யாகியிருந்தது. முதல் பயணமோ இருபதாவது பயணமோ, சாவு ஒரே அளவில்தான் இருந்தது. திறமையால் தப்ப முடியாத ஏதோ ஒன்று கொல்கிறது என்பதற்கு அது அடையாளம். அது என்ன என்பது பின்னரே விளங்கியது. ஜெர்மானியர்கள் தம் இரவு விமானங்களில் மேல்நோக்கிச் சாய்த்த பீரங்கிகளைப் பொருத்தியிருந்தார்கள். சத்தமின்றி அடியில் வந்து, இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியைக் குறிவைத்துச் சுட்டார்கள். பெரும்பாலான லங்காஸ்டர்களில் வயிற்றுக்குக் கீழே பார்க்க ஆளும் இல்லை, சுடத் துப்பாக்கியும் இல்லை.

இன்னொரு கணக்கும் அங்கே நடந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு வெளியேறினார்கள்? அமெரிக்க விமானங்களில் பாதிப்பேர். ஹாலிஃபாக்ஸில் நான்கில் ஒருவர். லங்காஸ்டரில் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது ஏழு பேரில் ஒருவர். ஹாலிஃபாக்ஸின் அவசர வழி 24 அங்குலம். லங்காஸ்டருடையது 22. டைசனோடு வேலை பார்த்த ஒருவர் இதை அகலப்படுத்துங்கள் என்று ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடம் மன்றாடினார். அசைந்து கொடுத்தபோது காலம் கடந்துவிட்டது.

லங்காஸ்டர் அதிகக் குண்டு சுமந்தது, உயரமாகப் பறந்தது. அதனால் தளபதிகளுக்கு அதுவே செல்லப்பிள்ளை. எத்தனை டன் ஏற்றலாம் என்பதை அளந்தவர்கள், பாராசூட் கட்டிய மனிதன் எத்தனை நொடியில் வெளியேறுவான் என்பதற்கு அதே அக்கறை காட்டவில்லை. தொலைந்த லங்காஸ்டர்களில் போனவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்கள் ஹாலிஃபாக்ஸ் குழுக்களின் அளவுக்குப் பிழைத்திருந்தால்கூட, இரண்டாயிரம் பேர் கூடுதலாக வீடு திரும்பியிருப்பார்கள். அந்த இரண்டு அங்குலம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கொன்றது என்பதே டைசனின் கருத்து.

இவர்கள் போட்ட குண்டுகளுக்கு அடியிலும் மனிதர்கள் இருந்தார்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் மூண்ட நெருப்புப் புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் ஏராளம். அந்த உறுத்தலால்தான் போருக்குப் பின் பிரிட்டன் தன் குண்டுவீச்சு வீரர்களைப் பற்றிப் பேசக் கூசியது. லண்டனில் அவர்களுக்கு நினைவுமண்டபம் திறக்க 2012 ஆயிற்று. மேலே எரிந்தவர்களுக்காக அழுவது கீழே எரிந்தவர்களை மறப்பதாகாது. இலக்கையும் வழியையும் நிலா நாளையும் கதவின் அகலத்தையும் தீர்மானித்தவர்கள் இந்த இரு சாராரும் அல்லர். தீர்மானித்தவர்கள் தூரத்து மேசைகளில் இருந்தார்கள். பொறுப்பும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

எந்தப் போரின் செய்தியிலும் இழப்பு என்பது இத்தனை விமானங்கள் என்ற எண்ணாகவே நம்மிடம் வருகிறது. வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இரண்டாம் உலகப்போர் வரலாற்றில் 95 விமானங்கள் திரும்பவில்லை என்ற வரியைப் படிக்க நேர்ந்தால், அதை ஏழால் பெருக்கிவிட்டு மேலே படியுங்கள்.

(தொடரும்)