உங்களுக்குத் தெரியுமா? அரிட்டாபட்டியைக் காத்தது எது?

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிதான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். குன்றுகளும் ஊற்றுகளும், ஏறத்தாழ 250 பறவை இனங்களும் உள்ள இவ்வூரை, 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் 2022இல் மாநில அரசு அவ்வாறு அறிவித்தது. இரண்டே ஆண்டில், இத்தலமும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்திருத்தம் ஒன்றியத்துக்கு அளித்திருந்தது. ஒரு சட்டம் அடைத்த வாசலை இன்னொரு சட்டம் திறந்துவிட்டது.

டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. தலம் 193 ஹெக்டேர், தொகுதியோ 2,015 ஹெக்டேர்; தலத்தை மட்டும் விலக்கிவிட்டுத் தோண்டலாமே என்ற யோசனையும் எழுந்தது. கேட்க நியாயமாகத் தோன்றினாலும் அது பொருந்தாது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் சரிவுகளும் வல்லூறு இரைதேடும் வெளியும் அறிவிக்கையின் எல்லைக்குள் அடங்கிவிடுவதில்லை. சுற்றிலும் சுரங்கம் வந்தால் நடுவில் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான். கிராம சபைகள் எதிர்த்தன. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மேலூர் வட்டார மக்கள் மதுரை நோக்கித் திரண்டார்கள். அதன் பிறகே, 2025 ஜனவரி 23 அன்று, ஏலம் ரத்தானது.