ஆங்கிலத் தொடர்களில் உவமை

அறியாத ஒன்றை அறிந்த ஒன்றைக் காட்டி விளக்குவது மக்களின் இயல்பு. வரிக்குதிரையைக் கண்டிராத ஒருவரிடம், “அது குதிரையைப் போன்றது, உடலெங்கும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இருக்கும்” என்று கூறினால், அவர் உடனே புரிந்துகொள்வார். இவ்வாறு ஒரு பொருளின் தன்மையை வேறொரு பொருளைக் கொண்டு விளக்குவதையே தமிழில் உவமை என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்குச் ‘சிமிலி’ என்று பெயர். ‘ஒத்த’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது.

தமிழ்ப்பள்ளியில் பயிலும் நாம் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் கற்கிறோம். ஆங்கிலத்தில் உவமை எவ்வாறு அமைகிறது, அதனை நாம் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உவமையின் உறுப்புகள்

‘மலர் போன்ற மெல்லிய கை’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் கை என்பது பொருள். மலர் என்பது உவமை. ‘போன்ற’ என்பது உவம உருபு. மென்மை என்பது இரண்டுக்கும் உரிய பொதுத்தன்மை. மலருக்கு மணம் உண்டு, நிறம் உண்டு, மாலையில் வாடும் இயல்பும் உண்டு. அவற்றை எல்லாம் நாம் கைக்கு ஏற்றிச் சொல்வதில்லை. மென்மை ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். ஆகவே, உவமைக்கு உயிராக விளங்குவது பொதுத்தன்மையே ஆகும்.

பழந்தமிழ் இலக்கணமாகிய தொல்காப்பியம் உவமைக்கென்றே ‘உவமவியல்’ என்னும் ஓர் இயலை வகுத்துள்ளது. வினை, பயன், மெய், உரு என உவமை நால்வகைப்படும் என்று அது கூறுகிறது. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை உவமை. மழை போல வழங்கினான் என்பது பயன் உவமை. வாள் போன்ற அன்னாசி இலை என்பது வடிவத்தைக் குறிக்கும் மெய் உவமை. பவளம் போன்ற இதழ் என்பது நிறத்தைக் குறிக்கும் உரு உவமை. ஆங்கில உவமைகளையும் இந்நான்கு வகைகளில் பொருத்திப் பார்த்தால் அவை எளிதில் விளங்கும்.

ஆங்கிலத்தில் இரு வழிகள்

ஆங்கில உவமைகள் பெரும்பாலும் இரு வழிகளில் அமைகின்றன. முதலாவது, ‘ஏஸ்’ என்னும் சொல் இருமுறை வருவது. ‘ஏஸ் பிரேவ் ஏஸ் எ லயன்’ என்றால் சிங்கத்தைப் போன்ற வீரமுடைய என்பது பொருள். இரண்டு ‘ஏஸ்’களுக்கும் நடுவில் நிற்கும் சொல்லே பொதுத்தன்மை. இரண்டாவது, ‘லைக்’ என்னும் சொல்லால் அமைவது. ‘ஹீ ஃபாட் லைக் எ லயன்’ என்றால் அவன் சிங்கம் போலப் போரிட்டான் என்பது பொருள். இங்கே வீரம் என்னும் சொல் வரவில்லை. அதனைக் கேட்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். தமிழில் ‘போல’ என்பது உவமைக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தின் ‘லைக்’ என்பதும் மலாயின் ‘செப்பெர்த்தி’ என்பதும் உவமைக்கு முன்னே வரும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ‘ஹீ ஸ்போக் லைக் எ ஃபாதர்’ என்றால் தந்தை போலப் பேசினார் என்பது பொருள். அவர் தந்தை அல்லர். ‘ஹீ ஸ்போக் ஏஸ் எ ஃபாதர்’ என்றாலோ தந்தை என்ற முறையில் பேசினார் என்பது பொருள். அவர் உண்மையிலேயே தந்தை. முன்னது உவமை; பின்னது உவமையன்று. ஒரு சிறு சொல் மாறினால் ஒருவருடைய உறவே மாறிவிடுவதைக் காண்கிறோம்.

சொல்லின் ஈற்றில் ஒரு பகுதியைச் சேர்த்தும் ஆங்கிலத்தில் ஒப்புமை காட்டுவர். ‘சைல்ட்லைக்’, ‘சைல்டிஷ்’ ஆகிய இரண்டும் குழந்தையின் தன்மையைக் குறிக்கும் சொற்களே. ஆயினும் முன்னது கள்ளமற்ற உள்ளத்தைப் பாராட்டுவது; பின்னது சிறுபிள்ளைத்தனத்தைக் கண்டிப்பது. பாராட்ட எண்ணிப் பின்னதைக் கூறினால் அது பழிப்பாகிவிடும்.

மண்ணுக்கேற்ற உவமை

ஒவ்வொரு மக்களும் தம் கண்முன் காணும் பொருள்களிலிருந்தே உவமையைத் தேர்ந்தெடுக்கின்றனர். பனி பொழியும் நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர், ‘ஏஸ் ஒயிட் ஏஸ் ஸ்னோ’ என்று வெண்மைக்குப் பனியைக் கூறினர். நாம் பாலையும் பஞ்சையும் கூறுகிறோம். ஆற்றங்கரையில் மூங்கில் வளரும் நாட்டில் வாழும் மலாய்க்காரர், ஒருவருக்கொருவர் உதவி வாழ்வதைக் கரையும் மூங்கிலும் போல என்பர். உலகம் அறியாதவனை நாம் கிணற்றுத் தவளை என்கிறோம். அவர்கள் தேங்காய்ச் சிரட்டையின் கீழிருக்கும் தவளை என்கின்றனர்.

சில உவமைகள் மொழி எல்லையைக் கடந்து ஒத்திருப்பது வியப்பைத் தருகிறது. செய்தி காட்டுத்தீ போலப் பரவியது என்பதைத் தமிழரும் ஆங்கிலேயரும் ஒரே வகையாகக் கூறுகின்றனர். நெருங்கிய நட்பை நகமும் சதையும் போல என்று தமிழரும் மலாய்க்காரரும் கூறுகின்றனர். ஓயாது சண்டையிடுவோரைக் கூற ஆங்கிலேயரும் மலாய்க்காரரும் நாயையும் பூனையையும் காட்டுகின்றனர். நாமோ எலியையும் பூனையையும் காட்டுகிறோம்.

சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாமா?

‘ஏஸ் வைஸ் ஏஸ் ஏன் ஔல்’ என்பது ஆங்கிலத்தில் ஒருவருடைய அறிவைப் போற்றும் தொடர். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமாகிய அதீனாவின் பறவை ஆந்தையே. இத்தொடரை அப்படியே தமிழாக்கி, “எங்கள் ஆசிரியர் ஆந்தையைப் போன்றவர்” என்று எழுதினால் என்ன ஆகும்? திகைத்து நிற்பவனையே ஆந்தை போல விழிக்கிறான் என்று நாம் கூறுவோம். போற்றுதல் தூற்றுதலாக மாறிவிடும் அன்றோ? அவ்வாறே, சாதுவான பெண்ணைப் பசுவைப் போன்றவள் என்று தமிழில் கூறலாம். ஆங்கிலத்தில் அது இழிவுரையாகும். அங்கே சாந்தத்திற்கு உவமையாவது ஆட்டுக்குட்டி. எனவே, மொழிபெயர்க்கும்போது சொல்லைப் பெயர்க்காமல் பொதுத்தன்மையைக் கண்டறிந்து, அதற்கு அம்மொழியில் வழங்கும் உவமையை எழுதுதலே முறையாகும்.

உவமையில் வருவன எல்லாம் அறிவியல் உண்மைகள் என்றும் கருதிவிடக் கூடாது. ‘ஏஸ் பிளைன்ட் ஏஸ் எ பேட்’ என்று வௌவாலைக் குருட்டுத்தன்மைக்கு ஆங்கிலேயர் உவமையாக்கினர். வௌவால்களுக்குக் கண்பார்வை உண்டு. பழந்தின்னி வௌவால்கள் நன்றாகவே பார்க்கக் கூடியவை.

உவமையும் நாவடக்கமும்

உவமை கூர்மையான கருவி. உடன் பயிலும் நண்பனின் உருவத்தையோ நிறத்தையோ விலங்கோடு ஒப்பிட்டுச் சிரிப்பது எளிது. ஆனால், அந்த ஒரு தன்மையைப் பெரிதாக்கிக் காட்டும்போது அவனுடைய அன்பையும் திறமையையும் நாம் மறைத்துவிடுகிறோம். கேட்டவன் உள்ளத்தில் அச்சொல் நெடுநாள் தங்கி வருத்தும். உவமையாகக் கூறப்படும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்று தொல்காப்பியம் கூறுவதை நாம் நம் அன்றாடப் பேச்சிலும் பின்பற்றுவது நலம்.

நம் உவமைகள்

தேர்வுக்காக உவமைத் தொடர்களை மனனம் செய்வது மட்டும் போதாது. நம்மைச் சுற்றியுள்ளவற்றை உற்றுநோக்கினால் நாமே புதிய உவமைகளைப் படைக்கலாம். சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் சேரும் ரப்பர்ப் பாலைப் போலச் சேமிக்கலாம். பத்துமலையின் 272 படிகளையும் ஒவ்வொன்றாக ஏறுவது போலப் பாடங்களைப் படித்து முடிக்கலாம். நம் ஸ்ரீ கெம்பாங்கான் பகுதியில் ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் ஏரியானதைப் போல, துன்பமும் ஒரு நாள் நன்மையாக மாறலாம். இவற்றை ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதிப் பார்த்தால், அம்மொழி பேசும் நண்பர்களும் நம் வாழ்வை அறிந்துகொள்வர்.

மாணவர்களே! நாள்தோறும் ஓர் ஆங்கில உவமையை அறிந்து, அதன் பொதுத்தன்மை யாது என்று வினவி, அதற்கு இணையான தமிழ் உவமையையும் மலாய் உவமையையும் தேடி எழுதி வருவோம். மும்மொழியிலும் நம் அறிவு வளர்பிறை போல வளரும் என்பது உறுதி.