சிறை: ஒரு சொல்லின் பிறப்பும் பொருள்வழியும்

தமிழில் 'சிறை' என்னும் சொல் பறவையின் சிறகையும் குறிக்கும். அடைத்து வைக்கும் இடத்தையும் குறிக்கும். பறத்தற்குரிய உறுப்பும் பறக்கவொட்டாது தடுக்கும் மதிலும் ஒரே பெயர் பெற்றமை கவிஞர்க்கு நயமாகலாம். சொற்பிறப்பு ஆய்வோர்க்கு அஃது ஒரு வினா. இவை ஒரு சொல்லின் இரு பொருள்களா, ஒலியால் ஒன்றுபட்ட இரு சொற்களா?

விடை இனமொழிகளில் உள்ளது. 'சிறகு' என்பதற்குத் தமிழிலேயே 'இறகு' என்னும் சகரமற்ற வடிவம் உண்டு. கன்னட 'ரெக்கெ', தெலுங்கு 'ரெக்க' ஆகியனவும் சகரமின்றியே வழங்குகின்றன. அடைத்தலைக் குறிக்கும் சிறையின் வழி வேறு. மலையாளத்தில் 'சிற' என்பது அணை, நீர்நிலை. தெலுங்கில் 'செறுவு' ஏரி, 'செற' சிறை. பழங்கன்னடத்தில் 'கெறெ' ஏரி. தமிழ்ச் 'செவி' கன்னடத்தில் 'கிவி' என நிற்றல் போல, இங்கும் சகரத்திற்கு முற்பட்டது ககரமே. முதலது சகரம் கெடும் சொல். மற்றது ககரம் சகரமான சொல். ஆகவே இவை இரு வேறு சொற்கள்.

இரண்டாம் சொல்லின் பழம்பொருள் நீரைத் தடுத்து நிறுத்துதல் எனலாம். தொல்காப்பியப் புறத்திணையியல், பெரும்படையைத் தனித்து நின்று தாங்கும் வீரனுக்கு வெள்ளத்தைத் தாங்கும் 'கற்சிறை'யை உவமை கூறுகிறது. அங்குச் சிறை தண்டனை அன்று, காப்பு. திருக்குறளிலும் 499, 569 ஆம் குறள்களில் அச்சொல்லுக்கு அரண் என்பதே பொருள். போர்க்காலத்திற்கு வேண்டிய சிறையை முன்னரே செய்துகொள்ளாத வேந்தன் கெடுவான் என்பது பின்னதன் கருத்து.

57 ஆம் குறளில் பொருள் திரும்புகிறது. மகளிரைக் காக்கும் சிறை என்பதற்கு மதிலும் வாயிற்காவலும் முதலாயின எனப் பரிமேலழகர் உரை காண்கிறார். இங்கு மதில் புறத்தாரைத் தடுப்பதோடு அகத்தாரையும் அடைக்கிறது; அக்காவலால் பயனில்லை என்பதே வள்ளுவர் முடிபு. அகத்திணை மரபின் 'இற்செறிப்பு' என்பதிலுள்ள 'செறி'யும் இச்சொல்லோடு உறவுடையது. புறநானூறு 74 ஆம் பாட்டின் பழங்குறிப்பு, சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற்கோட்டத்துச் சிறையில் கிடந்ததைக் கூறுமிடத்துப் பகைவரை அடைத்தல் என்னும் பொருள் நிலைபெற்றுவிட்டது. மணிமேகலையின் 19 ஆம் காதையோ சிறைக்கோட்டம் அறக்கோட்டமான செய்தியைத் தன் தலைப்பிலேயே தாங்குகிறது.

அணை, அரண், காவல், சிறைக்கூடம் என விரிந்த இவ்வழியில் சுவர் மாறவில்லை. மாறியது அச்சுவர் யார் பொருட்டு எழுப்பப்பட்டது என்பதே. காத்தற்பொருட்டு எனச் சொல்லி எழுப்பப்படும் மதில் எந்நிலையில் சிறையாகிறது என்னும் வினாவை இச்சொல்லின் வரலாறு நம்முன் வைக்கிறது. உள்ளிருப்போரின் இசைவைக் கேளாது அதற்கு விடை காண இயலாது.