எதிர்ப்பொருளும் இரசாயனமும்

பாஞ்சாலங்குறிச்சி, கோவில்பட்டி வட்டாரக் கரிசற் காடுகளில் பருத்தியும் மிளகாயும் விளைவிக்கும் அங்கத்தினர்களுக்குப் பூச்சிமருந்து புதிதன்று. மருந்து தாக்கியவுடன் தோன்றும் மயக்கத்தையும் வாந்தியையும் யாவரும் அறிவர். வெளிக்குத் தெரியாமலே நோய் எதிர்ப்பாற்றலை ஓர் இரசாயனம் குறைக்கக்கூடுமா என்பதை விஞ்ஞானிகள் எவ்வாறு ஆராய்கின்றனர் என்று இங்கே சுருக்கமாகக் காண்போம்.

நோய்க்கிருமியோ தடுப்பூசி மருந்தோ உடலிற் புகுந்ததும், மண்ணீரலிலும், நெறி கட்டும் இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் சில உயிரணுக்கள் பெருகி, 'எதிர்ப்பொருள்' என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது கிருமியைப் பற்றிக்கொண்டு அதன் அழிவுக்கு வழி செய்கிறது. இத்தொழில் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்படும் திசுவிலும் நடைபெறும். ஸ்வீடன் நாட்டு ஆஸ்திரிட் ஃபாக்ரேயஸ் அம்மையார் 1948-இல் மண்ணீரல் திசுவைக்கொண்டு இதனைக் காட்டினார்.

1963-இல் அமெரிக்காவில் ஆம்பிரோஸ், கூன்ஸ் என்னும் இருவர், முன்னரே தடுப்பு மருந்து ஏற்றப்பெற்ற முயல்களின் நிணநீர்க் கணுத் துண்டுகளைக் கலத்தில் வளர்த்து, அவற்றுடன் குளோரம்பெனிக்கால் மருந்தைச் சேர்த்துப் பார்த்தனர். தொடக்கத்திலேயே சேர்த்தபோது எதிர்ப்பொருள் உண்டாவது தடைப்பட்டது. உற்பத்தி நன்கு நடைபெறத் தொடங்கிய பின் சேர்த்தபோது அத்தகைய தடை காணப்படவில்லை. முளைக்கும் பருவத்தில் ஈரமற்றால் பயிரே இல்லை. வேரூன்றிய பயிரோ சில நாள் வறட்சியைத் தாங்கும். இதுவும் அவ்வாறே. ஆகவே இரசாயனத்தின் அளவு மட்டுமன்றி, அது சேரும் காலமும் முக்கியமாகும்.

ஆயினும் கலம் உடலாகிவிடாது. புற்றுநோய்க்குத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை அப்படியே கலத்திலிட்டால் பெரும் விளைவில்லை. ஈரல் அதனை மாற்றிய பின்னரே எதிர்ப்பாற்றலை ஒடுக்குகிறது. எனவே இத்தகைய சோதனைகளில் ஈரற்சாற்றையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. நமக்குப் பழக்கமான மாலத்தியானும் ஈரலில் மாலாக்சானாக மாறி, நரம்புகளுக்கு மிகுந்த நஞ்சாகிறது. கலத்தில் தீங்கு செய்யாதது உடலிலும் தீங்கு செய்யாது என்று துணிதல் தவறு. கலத்தில் கெடுதல் செய்வது வயலில் நம்மை அடையும் அளவிலும் கெடுதலே செய்யும் என்று முடிவு கட்டுதலும் தவறு.

ஆராய்ச்சி முற்றுப்பெறும்வரை காத்திராமல் நாம் செய்யத்தக்கவை உள. கையுறையும் முகமூடியும் அணிக. காற்றை எதிர்த்துத் தெளிக்கற்க. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுக. மருந்து இருந்த டப்பாவில் தண்ணீரோ தானியமோ வைக்கற்க. குழந்தைகளைத் தெளிக்கும் காட்டிற்கு அழைத்துச் செல்லாதிருத்தல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.