பழைய ஆம்ப் வாங்குமுன் பழுது பார்ப்பவரைத் தேடுங்கள்

ஜொகூர் பாருவில் உயர்தர ஒலிக்கருவி தேடுகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம்: சிங்கப்பூர் கோல்மன் தெருவில் அடெல்ஃபி கட்டடத்து ஹை-ஃபை கடைகளும், அங்குள்ளவர்கள் இணையத்தில் விற்கும் கருவிகளும். இன்னொன்று, ஜப்பானில் பயன்படுத்திய பொருள்களை இறக்கி விற்கும் கடைகள். சான்சுயி, லக்ஸ்மேன், அக்யூஃபேஸ், மராண்ட்ஸ் என்று புதிதாக வாங்க எட்டாத பெயர்களெல்லாம் பழையதாகக் கைக்கு எட்டும். நல்ல ஆம்பில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி எப்படி இறங்கும் என்று ஒருமுறை கேட்டவருக்கு அந்த ஆசை புரியும். எனக்கும் உண்டு. ஆனால் காசை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், எந்த உதிரிபாகத்தை வைத்து?

பிராண்டின் பெருமை இதற்குப் பதில் ஆகாது. உயர்ந்த விலை சிடி பிளேயர்கள் பலவற்றுக்குள் பிலிப்ஸின் சிடி-புரோ2 என்ற இயங்குபகுதிதான் இருந்தது. அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அதிலுள்ள லேசர் தேய்ந்தால், வெளியே எவ்வளவு கனமான அலுமினியப் பெட்டி இருந்தாலும் பயன் இல்லை. இதற்கு நேர்மாறு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலி. 1972இல் வந்தது, 2010இல் நிறுத்தப்பட்டது, 2016இல் திரும்பி வந்தது. உலகெங்கும் டிஜேக்கள் அதை உழைக்க வைத்ததால், அதைப் பிரித்துப் பழகிய கைகளும் அதற்கான பாகங்களும் ஏராளம். பழைய ஏவி ரிசீவரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதன் எச்டிஎம்ஐ பலகை போனால் பெரும்பாலும் கதை முடிந்தது.

பழைய ஆம்பில் வயதாவது முதலில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். உள்ளிருக்கும் திரவம் மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. குளிர்சாதனம் இல்லாத தாமான் வீட்டு வரவேற்பறையில், மூடிய அலமாரிக்குள் வைத்த ஆம்புக்கு இது சின்ன விஷயம் அல்ல. நம் ஊர் ஈரக்காற்று ரிலே முனைகளையும் ஒலியளவுக் குமிழின் உட்பகுதியையும் மங்கவைக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போவதும், குமிழைத் திருப்பினால் கரகரப்பதும் இதனால்தான். இவை மலிவான ரிப்பேர்கள், பயப்பட வேண்டியதில்லை. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு இன்னும் வேகமாகக் கெடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் விரலால் தொட்டதும் பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். அதனால் முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்க்காமல் எந்த ஸ்பீக்கரையும் வாங்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு. பல வகைகளின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அதே எண்ணை அச்சிட்ட போலிகள் சந்தையில் நிறைய. போலியைப் போட்டால் ஒரு மாதம் பாடும், பிறகு எரியும், சில சமயம் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஜப்பான் செட்டுக்குத் தனி எச்சரிக்கை. அந்த நாட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கத் தகட்டில் 100 என்றிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகிய அந்த நொடியே இழப்பு. டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் கருவி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ரேடியோ டியூனர் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் பழைய எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 வரைதான். ஜொகூர் பாருவில் தெளிவாகக் கிடைக்கும் சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலி அதில் ஒருநாளும் வராது.

கடையில் ஐந்து நிமிடம் பாடவிட்டுக் காட்டுவார்கள். அது போதாது. ஒரு மணி நேரமாவது ஓடட்டும், சூடேறிய பிறகுதான் பல கோளாறுகள் தலைகாட்டும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். எல்லாக் குமிழையும் திருப்புங்கள், எல்லா இணைப்பிலும் கேளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் டிசி மின்னழுத்தம் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் காரணம் தெரியாமல் வாங்க வேண்டாம்.

"திறந்ததே இல்லை, ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 40 வயது ஆம்புக்கு அது பெருமை அல்ல, இனிமேல்தான் செலவு இருக்கிறது என்று பொருள். கெப்பாசிட்டர் மாற்றி, ரசீதும் உட்புறப் படமும் வைத்திருப்பவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதே மேல். ஆனால் மாற்றிய கை நல்ல கையா என்பதை ஈயம் வைத்த இடங்கள் சொல்லிவிடும். கருகிய பலகையும் தாறுமாறான பற்றவைப்பும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதனால்தான் கருவிக்கு முன் பழுது பார்ப்பவரைத் தேடச் சொல்கிறேன். மாடல் பெயரைச் சொல்லி, "இதை எடுப்பீர்களா, பாகம் கிடைக்குமா" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். முப்பது கிலோ ஆம்பைக் கோலாலம்பூருக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது காசும் கவலையும். நான் விலையில் கால் பங்கை முதலாண்டு ரிப்பேருக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் பேரம் பேசுவேன்.

மலேசியக் கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே முன்வைக்கலாம். ஆனால் அது வணிகர்மீது மட்டுமே. இணையத்தில் தன் வீட்டுப் பொருளை விற்கும் தனியாள்மீது இந்த வழி கிடையாது. அவரிடம் வாங்கும்போது உங்கள் காதும் மல்டிமீட்டரும்தான் துணை.

வீட்டுக்கு வந்த பிறகு, மாலை இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். டியூனர் இருந்தால் ஆண்டெனா கம்பியையும்.